பாதி உடம்பைக் கேட்டு வாங்கியவள் சந்நிதியில் இந்தத் தாளைக் கொடுக்கலாமா?



இது நீளமான பதிவு. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பற்றியது என்பதால் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படிங்க. படிச்ச பிறகு திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கிறோம்.

ரெண்டு வாரமா நம் ஆலய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். பண்டைய பாரதத்திலும் பண்டைய சீனத்திலும் மனைவி எதிர்த்துப் பேசாமல், மாமியாருக்கு அடங்கி, வாசலைத் தாண்டாமல் இருந்தாளாம். அதனால்தான் இந்த ரெண்டு நாகரிகமும் இத்தனை ஆயிரம் ஆண்டு நிலைத்ததாம். இன்றைய மனைவிகள் அதை விட்டதால்தான் குடும்பம் உடைகிறதாம். கீழே மனைவிக்குப் பத்து விதிகள். கணவனுக்கு ஒன்றுகூட இல்லை.

சுற்றட்டும், நாலு நாளில் மறந்துபோகும் என்று விட்டிருப்போம். ஆனால் இப்போது அதை அழகாக அச்சடித்து, நம் மண்டபத்தில் கல்யாணம் செய்யும் தம்பதிகளுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அச்சுச் செலவை உபயமாக ஏற்க ஆளும் தயார்.

வேண்டாம் என்கிறோம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் யார் என்று கேட்பவர்களுக்கு: அன்னதானத்துக்கு விடியற்காலையில் காய் நறுக்குகிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள், திருவிழா அன்றைக்குச் செருப்பு அடுக்குகிறவர்கள். ஆணும் பெண்ணுமாக இருக்கிறோம். பண்டிதர்கள் கிடையாது. ஆனால் அந்தச் செய்தி சாஸ்திரத்தின் பேரைச் சொல்கிறது. சரி, சாஸ்திரம் என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

அந்தச் செய்தியில் ஒரு விஷயம் உண்மை. இந்தியாவும் சீனாவும் மனைவியிடம் எதிர்பார்த்தது ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே மாதிரி இருந்தது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பெண்ணை மூன்று பருவமாகப் பிரிக்கிறது. சின்ன வயதில் அப்பாவுக்குக் கீழே, கல்யாணமான பிறகு கணவனுக்குக் கீழே, கணவன் போன பிறகு மகனுக்குக் கீழே. தன்னிச்சையாக இருக்க அவளுக்கு ஒரு பருவமும் கிடையாது. சீனாவில் பழைய சடங்கு நூல்கள் இதையேதான் சொல்கின்றன. 'மூன்று பணிவுகள்' என்று அதற்குப் பெயர்: தந்தை, கணவன், மகன். அதோடு 'நான்கு நற்குணங்கள்' என்று நடத்தை, பேச்சு, தோற்றம், கைவேலை ஆகிய நான்கையும் சேர்த்தார்கள். பௌத்தம் சீனாவுக்குப் போய்ச் சேரும் முன்பே அவர்கள் இதை எழுதிவிட்டார்கள். அதனால் இங்கிருந்து அங்கே போனது என்றும் சொல்ல முடியாது.

ஒருவரை ஒருவர் பார்க்காத ரெண்டு நாடு ஒரே விதியை எழுதியிருக்கிறதே, அப்படியானால் அது இயற்கையின் விதி, தெய்வம் தந்த விதி என்று செய்தி எழுதியவர் முடித்துவிட்டார். அங்கேதான் நாங்கள் மாறுபடுகிறோம். ஒரே விதி வந்ததற்குக் காரணம் ரெண்டு இடத்திலும் ஒரே கவலை இருந்ததுதான்.

என்ன கவலை? நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. குலப்பெயர் அப்பா வழியில் போகிறது. செத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடனை மகன்தான் செய்ய வேண்டும். நம்மிடம் பிண்டமும் திதியும், அவர்களிடம் முன்னோர் பலகைக்கு ஊதுவத்தியும் படையலும். மகன் இல்லாவிட்டால் முன்னோர் பட்டினி. இப்படி ஒரு ஏற்பாட்டில், வேற்று வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வயிற்றை நம்பித்தான் மொத்தக் குலமும் நிற்கிறது. ஆக, பயம் ஆண்களுக்கு. காவல் பெண்களுக்கு. அந்தக் காவலுக்குச் சூட்டிய பெயர்தான் 'மனைவியின் தர்மம்'.

இது நாங்களாகக் கற்பனை செய்து சொல்வதல்ல. விதிகளையே பாருங்கள். பழைய சீனத்தில் மனைவியை விலக்கிவைக்க ஏழு காரணங்கள் இருந்தன: மாமனார் மாமியாருக்குப் பணியாதது, மகன் பெறாதது, நடத்தை தவறியது, பொறாமை, தீராத நோய், அதிகம் பேசுவது, திருட்டு. நம் பக்கம் மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வாங்க. பிள்ளை பெறாத மனைவிக்கு எட்டாம் ஆண்டில், பெற்ற பிள்ளைகள் எல்லாம் இறந்துபோனால் பத்தாம் ஆண்டில், பெண் குழந்தையாகவே பெற்றால் பதினோராம் ஆண்டில் கணவன் வேறொருத்தியைக் கட்டலாம். கடுஞ்சொல் பேசும் மனைவி என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே கட்டலாம். ரெண்டு நாட்டுப் பட்டியலிலும் பொதுவாக இருப்பது என்னவென்று கவனித்தீர்களா? பிள்ளையும் வாயும். மகன் பெறாதது குற்றம். வாய் திறந்தது குற்றம். கணவன் குடிக்கிறான், அடிக்கிறான், ஊர் சுற்றுகிறான் என்பதற்கு இந்த ரெண்டு பட்டியலிலும் இடமே இல்லை.

பெண் குழந்தையாகவே பெற்றால் குற்றம் என்பதைப் படிக்கும்போது நம் ஊர்க்கதை ஒன்று நெஞ்சில் தைக்கிறது. மலாயாவில் ஒரு காலத்தில், வறுமையாலும், ஜாதகம் சரியில்லை என்ற பயத்தாலும், பெண்தானே என்ற எண்ணத்தாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளை நம் தமிழ்க் குடும்பங்கள் தூக்கி வந்து வளர்த்தன. சேலை கட்டி, பூ வைத்து, தமிழ் பேசி, நம்மோடு சாமி கும்பிட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். உங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு அத்தையோ பாட்டியோ இருக்கலாம். பண்டைய சீனம் பெண்ணை எப்படிப் போற்றியது என்று செய்தி அனுப்புகிறவர்கள் அந்தப் பாட்டிமார்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெண் பிறந்தால் முகம் சுளித்த மாமியார்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள்.

அடுத்தது, அந்தச் செய்தி மறைத்த பாதி.

பழைய நூல்களை அப்படியே பின்பற்றச் சொல்கிறவர்கள் முழுசாகச் சொல்ல வேண்டாமா? சீனத்தில் விலக்க ஏழு காரணம் இருந்தது போலவே, விலக்கக் கூடாத மூன்று நிலையும் இருந்தது. திரும்பிப்போகப் பிறந்த வீடு இல்லாத மனைவி. மாமனார் மாமியாருக்கு மூன்று ஆண்டு துக்கம் காத்த மனைவி. கணவன் ஏழையாக இருந்தபோது வந்து, அவன் பணக்காரன் ஆகும்வரை கூட இருந்த மனைவி. இந்த மூவரையும் வெளியே அனுப்பக் கூடாது. இது செய்தியில் இல்லை.

மனுஸ்மிருதியில் கணவன் குணம் கெட்டவனாக இருந்தாலும் தெய்வமாக நினை என்று சொல்லும் இடம் இருக்கிறது. அது செய்தியில் முதல் வரியாக வந்துவிட்டது. அதே நூலில், சாகும்வரை ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பதே கணவன் மனைவி இருவருக்கும் மேலான தர்மம் என்று சொல்லும் இடமும் இருக்கிறது. 'இருவருக்கும்' என்பதைக் கவனிங்க. அது செய்தியில் இல்லை. வீட்டின் வரவு செலவை மனைவியின் பொறுப்பில் விடு என்றும் அதே நூல் சொல்கிறது. சம்பளம் எவ்வளவு என்றே மனைவியிடம் சொல்லாத எத்தனை பேர் இந்தச் செய்தியை ஃபார்வர்ட் செய்திருப்பார்கள்!

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகன் வேண்டும் என்று இன்னொருத்தியைக் கட்ட நினைக்கும் கணவன் எட்டு ஆண்டு, பத்து ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு என்று காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் மனைவிக்கு அவளுடைய ஸ்திரீதனத்தையும் நஷ்டஈட்டையும் கொடுத்து, அரசனுக்கு அபராதமும் கட்ட வேண்டும். கெட்ட நடத்தை உள்ளவன், நெடுங்காலம் வெளிநாடு போய்த் திரும்பாதவன், மனைவியின் உயிருக்கே ஆபத்தானவன் ஆகியோரை மனைவி விட்டு விலகலாம் என்றும் அந்த நூலில் இருக்கிறது. ஆக, 'அந்தக் காலத்தில் பெண் எதையும் பொறுத்துக்கொண்டு இருந்தாள்' என்பது அந்தக் காலத்து நூலுக்கே ஒத்து வரவில்லை.

திருக்குறளுக்கும் இதே கதிதான். 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரத்திலிருந்து ஒரு குறளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அந்த அதிகாரத்தின் தலைப்பில் இருக்கும் 'துணை' என்ற சொல் கண்ணில் படவில்லை. அதற்கு ஒன்பது அதிகாரம் தள்ளி, பிறர் மனைவியை நினைக்காதே என்று ஆண்களை நிறுத்திவைத்துப் பேசும் 'பிறனில் விழையாமை' பத்துக் குறளோடு நிற்கிறது. அதை ஏன் அச்சடித்துத் தாம்பூலப் பையில் போடவில்லை?

சீனத்தில் மனைவியின் கடமை பற்றிப் பேசுகிறவர்கள் பான் சாவ் என்ற அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஹான் வம்ச காலத்தில், முதல் நூற்றாண்டின் பின்பாதியில் வாழ்ந்தவர். 'பெண்களுக்கான பாடங்கள்' என்று ஏழு அத்தியாயத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பணிவு, அடக்கம், நாத்தனார் மைத்துனரோடு ஒத்துப்போவது எல்லாம் அதில் உண்டு. பிற்காலத்தில் சீனப் பெண் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைத்தார்கள்.

ஆனால் அந்த அம்மா எப்படி வாழ்ந்தார் தெரியுமா? இளம் வயதில் கணவனை இழந்தவர். அவருடைய தந்தை தொடங்கி, அண்ணன் தொடர்ந்து, முடிக்காமல் விட்டுப்போன ஹான் வம்ச வரலாற்றை, பேரரசர் அழைக்க, அரண்மனைக்குப் போய் முடித்துக் கொடுத்தவர் அவர்தான். பேரரசிக்கே ஆசிரியராக இருந்தார். அடங்கி நட என்று எழுதிய அதே நூலில், ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் படிப்புச் சொல்லிக்கொடுத்துப் பெண் பிள்ளைகளை விட்டுவிடுவது என்ன நியாயம் என்றும் கேட்டிருக்கிறார். கணவன் மனைவிக்குள் அடிதடி வந்துவிட்டால் அந்த உறவில் என்ன மிச்சம் என்றும் கேட்டிருக்கிறார். அவருடைய நாத்தனாரே அந்த நூலை மறுத்து எழுதினார் என்று சரித்திரம் சொல்கிறது. பார்த்தீங்களா, அந்தக் காலத்திலேயே அந்தக் குடும்பத்திலேயே பெண்கள் விவாதம் செய்திருக்கிறார்கள். ரெண்டாயிரம் ஆண்டு கழித்து நாம் 'பேசாதே' என்று தாள் அடித்துக் கொடுக்கப் போகிறோமா?

சீனர்கள் சொல்லும் இன்னொரு கதை. மென்சியஸ் என்ற ஞானி, கன்பூசியஸுக்கு அடுத்தபடியாகச் சீனர்கள் மதிப்பவர். ஒருநாள் திடீரென்று அறைக்குள் நுழைந்தார். தனியாக இருந்த மனைவி மரியாதை இல்லாத விதத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது. இவளை விலக்கிவைக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் போய் நின்றார். அம்மா என்ன சொன்னார்? வீட்டுக்குள் நுழையும் முன் குரல் கொடுக்க வேண்டும், அறைக்குள் போகும்போது பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்று நீ படித்த நூலே சொல்கிறதே, அதை நீ செய்தாயா? மரியாதை தவறியது நீயா, அவளா? மகன் வாயடைத்துப் போனார். விதியை மனைவிக்கு மட்டும் அளக்காதே என்பதுதான் அந்தத் தாய் சொன்ன பாடம். மாமியார் என்றால் அப்படி இருக்கணும்! மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்று பத்து விதி எழுதியவர் இந்த மாமியாரைப் பற்றி ஒரு விதியாவது எழுதியிருக்கலாம்.

இப்போது நம் ஆலயத்துக்குள்ளே வாங்க. ஏட்டில் எழுதியது இருக்கட்டும். நாம் யாரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்?

சாவித்திரி. பதிவிரதை என்றாலே முதலில் அவள் பெயர்தான். அந்தச் செய்தியிலும் அவள் படம்தான். ஆனால் மகாபாரதத்துச் சாவித்திரி தன் கணவனைத் தானே தேடிப் போய்த் தேர்ந்தெடுத்தவள். அவனுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்று நாரதர் சொன்னார். வேறொருவனைப் பார் என்று தந்தை சொன்னார். ரெண்டு பேர் பேச்சையும் அவள் கேட்கவில்லை. கடைசியில் எமன் பின்னாலேயே நடந்து, வாதாடி, வரம்மேல் வரம் வாங்கிக் கணவன் உயிரையும் மீட்டாள். அவள் வாய் பேசினதால்தான் சத்தியவான் பிழைத்தான். அதிகம் பேசும் மனைவியை விலக்கு என்ற விதி அன்றைக்கு அந்தக் காட்டில் செல்லுபடியாகியிருந்தால் அவன் கதி என்ன?

மங்கையர்க்கரசியார். அறுபத்துமூவரில் ஒருவர். பாண்டிய மன்னன் சமணத்தில் இருக்கிறான். கணவன் வழியே மனைவி வழி என்றால் அவரும் சமணத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தன் சிவபக்தியை விடாமல், அமைச்சர் குலச்சிறையாரோடு சேர்ந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தார். பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரியும். அந்த மன்னனும் நின்றசீர் நெடுமாற நாயனார் ஆனார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு கணவனுக்கு அடங்கியிருந்தால் அறுபத்துமூவர் வரிசையில் இவர்கள் ரெண்டு பேரையும் நாம் பார்த்திருப்போமா?

காரைக்கால் அம்மையார். குறை சொல்ல முடியாத மனைவி. மாம்பழம் வந்த அதிசயத்தைப் பார்த்துப் பயந்த கணவன் பரமதத்தன், சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியைக் கட்டிக் குடித்தனம் நடத்தினான். உறவினர்கள் அம்மையாரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியபோது அவன் அவர் காலில் விழுந்தான். அதற்கப்புறம் அவர் இன்னொரு ஆணின் காவலுக்குள் போகவில்லை. கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கி, தலையால் நடந்து கயிலைக்குப் போனார். ஈசனே அவரை அம்மை என்று அழைத்தான். நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க அவர் அமர்ந்திருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அந்தச் சந்நிதிக்குப் பத்தடி தள்ளி இந்தத் தாளைக் கொடுக்கலாமா?

கடைசியாகக் கேதார கௌரி விரதம். ஒவ்வோர் ஆண்டும் 21 நாள். தீபாவளி அமாவாசையில் நோன்புக் கயிறு வாங்க நம் ஆலயத்தில் எவ்வளவு கூட்டம்! கணவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நம் பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள். அந்த விரதம் எப்படிப் பிறந்தது? பிருங்கி முனிவர் அம்பாளை விட்டுவிட்டு ஈசனை மட்டும் வலம் வந்தார். அம்பாள் அதைச் சும்மா விடவில்லை. கயிலையை விட்டு இறங்கி, கௌதமர் ஆசிரமத்துக்கு வந்து, நோன்பிருந்து, உன் உடம்பில் பாதி எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அர்த்தநாரீஸ்வரர் கோலம் ஈசன் தானாகப் பார்த்துப் போட்ட பிச்சை கிடையாது. மனைவி உரிமையோடு கேட்டாள், கணவன் கொடுத்தான். தனக்குரிய பாதியைக் கேட்டவள் தொடங்கிய விரதத்தைக் கடைப்பிடிக்கும் பெண்களிடம், எதையும் கேட்காதே என்று ஒரு தாளை நீட்டுவது அம்பாளுக்கே அடுக்காது.

சீன அன்பர்களின் வழிபாடும் இதைத்தான் காட்டுகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையிலும் பினாங்கிலும் நம்மோடு காவடி எடுக்கும் சீன அன்பர்கள், வீட்டில் குவான் யின் அம்மனை வணங்குகிறவர்கள். குவான் யின் கதையாக அவர்கள் சொல்வது மியாவ் ஷான் என்ற இளவரசியின் கதை. தந்தையான அரசன் கல்யாணம் பண்ணிக்கொள் என்று கட்டாயப்படுத்தினான். அவள் மறுத்தாள். எவ்வளவோ கொடுமைப்படுத்தினான். பிறகு அவன் நோயில் விழுந்தபோது, மருந்துக்காகத் தன் கண்களையும் கைகளையும் கொடுத்தவள் அவளேதான். முதல் பணிவையே மீறிய பெண்ணைத்தான் சீன மக்கள் கருணையின் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். ஏட்டை எழுதியவர்கள் ஒரு வழியில் போனார்கள், விளக்கேற்றியவர்கள் இன்னொரு வழியில் போனார்கள். நாம் விளக்கேற்றுகிறவர்கள் பக்கம்.

சரி, எங்களிடம் சிலர் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

"மனைவி அடங்கவில்லை என்றால் குடும்பம் உடைஞ்சு போகாதா?" ஆலயத்தில் சேவை செய்யும் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். அம்பாள் முன்னால் அழுதுகொண்டு நிற்கும் பெண்கள் 'என் கணவர் என் பேச்சுக்கு அடங்கவில்லை' என்று அழவில்லை. குடி, கடன், அடி, இன்னொரு தொடர்பு. இதற்குத்தான் அழுகிறார்கள். பத்து விதியும் கடைப்பிடித்த பெண்கள்தான் அவர்களில் அதிகம். இந்தத் தாள் அவர்களுக்கு என்ன சொல்லும்? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லும். அடி வாங்கும் ஒரு பெண்ணிடம் சாமி பெயரால் அப்படிச் சொன்ன பாவம் நம் ஆலயத்துக்கு வேண்டாம்.

"இதெல்லாம் மேல்நாட்டுப் பேச்சு." இதுவரை நாங்கள் சொன்ன ஒரு பெயராவது மேல்நாட்டுப் பெயரா? சாவித்திரியா, மங்கையர்க்கரசியாரா, மென்சியஸின் தாயா?

"நம் பாட்டிமார் அப்படித்தானே இருந்தார்கள்?" எங்கே இருந்தார்கள்? வாசலைத் தாண்டாமலா? விடியும் முன் தலையில் துணி கட்டி, தோளில் காண்டா வாளி சுமந்து ரப்பர் மரம் சீவப் போனவர்கள் நம் பாட்டிமார். அந்தக் கூலியில்தான் நாம் படித்தோம். சீனப் பாட்டிமார்களும் அப்படியே. பண்டைய சீனத்தில் அரசாங்கம் வரியைத் துணியாகவும் வாங்கியது. அந்தத் துணியை வீட்டில் உட்கார்ந்து நெய்தவள் மனைவி. பிற்காலத்தில் குவாங்டோங் பகுதியில் பட்டு வேலை செய்த பெண்கள் சிலர், கூந்தலை உயர்த்தி முடிந்துகொண்டு கல்யாணமே வேண்டாம் என்று சபதம் செய்தார்கள். அவர்களில் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாகப் பணக்கார வீடுகளில் பிள்ளை வளர்த்து, ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். உழைத்தவள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள் என்று சொல்வது, அவள் உழைப்பைச் சாப்பிட்டுவிட்டு அவள் பெயரை அழிப்பது.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பழைய கணக்கைப் பார்த்துத்தான் மாறியது. 1908-இல் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஒரு சீனச் செல்வந்தரின் சொத்துக்கு ஆறு பெண்கள் 'நான்தான் மனைவி' என்று வந்து நின்றார்கள். 'ஆறு விதவைகள் வழக்கு' என்றே அதற்குப் பெயர். அப்போதெல்லாம் சீனருக்கும் நம்மவருக்கும் ஒன்றுக்கு மேல் மனைவி என்பதை வழக்கம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரில் 1961-இல் மாதர் சாசனம் அதை நிறுத்தியது. நம் மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்து, முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்று ஆக்கியது. இன்று நம் மண்டபத்தில் தாலி ஏறும் கல்யாணங்கள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகின்றன. பதிவுப் புத்தகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கும்போது ஐயர் சொல்லும் மந்திரத்தின் பொருளும் நாம் இனி தோழர்கள் என்பதுதான். அதைச் சொல்லி முடித்த கையோடு மணப்பெண்ணின் பையில் மட்டும் பத்து விதியைப் போடுவோமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சிலருக்குக் கசக்கும். திருவிளக்குப் பூஜை அறிவிப்பில் 'சுமங்கலிகள் மட்டும்' என்று போடுகிறோமே, அதுவும் இதே ஏட்டிலிருந்து வந்ததுதான். கணவன் இருக்கும்வரை அவள் லட்சுமி, போன மறுநாள் அபசகுனம். சீனாவில் மிங் வம்ச காலத்தில், முப்பது வயதுக்குள் விதவையாகி ஐம்பது வயதுவரை மறுமணம் செய்யாத பெண்ணுக்கு அரசு மரியாதை செய்தது. அவள் குடும்பத்துக்கு ஊழிய வேலையிலிருந்து விலக்கும் கொடுத்தது. அவள் தனிமையில் லாபம் யாருக்கு என்று பாருங்க. மனைவியை இழந்த ஆணுக்கு அப்படி ஒரு வளைவும் கட்டவில்லை, அவனை யாரும் ஒதுக்கவும் இல்லை. நம் ஆலயத்திலும் மனைவியை இழந்த ஐயாமார் முன்வரிசையில் நின்று மாலை வாங்குகிறார்கள். வாங்கட்டும், சந்தோஷம். கணவனை இழந்த அம்மாமார் மட்டும் ஏன் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும்? அடுக்களையில் அவர்கள் சமைத்த பிரசாதம் சாமிக்கு ஆகும், அவர்கள் ஏற்றும் விளக்கு ஆகாதா?

ஆலய நிர்வாகத்திடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று, அந்தத் தாளை அச்சடிக்க வேண்டாம். தம்பதிகளுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான கடமைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்போம். வரவு செலவை மறைக்காமல் இருப்பது, கை நீட்டாமல் இருப்பது, இரு வீட்டுப் பெற்றோரையும் சமமாகப் பார்ப்பது, ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது. இதற்கும் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்பதை மேலே காட்டியிருக்கிறோம். அந்த உபயக்காரர் இந்தத் தாளுக்கும் உபயம் செய்தால் மனமார வரவேற்போம்.

இரண்டு, அடுத்த திருவிளக்குப் பூஜை அறிவிப்பில் 'சுமங்கலிகள் மட்டும்' என்பதை எடுத்துவிட்டு 'பெண்கள் அனைவரும்' என்று போடுவோம். விளக்கு வாங்க முடியாதவர்களுக்கு எங்கள் குழுவே விளக்கும் திரியும் எண்ணெயும் தரும்.

மூன்று, சமயச் சொற்பொழிவுக்கு வருகிறவர்களிடம் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார் கதைகளை முழுசாகச் சொல்லச் சொல்வோம். மாம்பழத்தோடு நிறுத்த வேண்டாம்.

இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கமெண்டில் எழுதுங்க. மரியாதையாக எழுதினால் மரியாதையாகப் பதில் சொல்வோம். நேரில் பேச விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவுப் பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு வாங்க. நிர்வாகத்தினரையும் அழைத்திருக்கிறோம். ஐயாமார்கள் வரும்போது வீட்டு அம்மாக்களையும் கட்டாயம் அழைத்து வாங்க. பேச்சு அவர்களைப் பற்றியது. அவர்கள் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம். டீயும் கொண்டைக்கடலை சுண்டலும் உண்டு. பாத்திரம் கழுவுவது அன்றைக்கு ஆண் தொண்டர்கள் முறை.

இப்படிக்கு,
உங்கள் ஆலயத் தொண்டர்கள்